ஏழாம் வேற்றுமையில் ஒரு தாய்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்றால் "தாயும் சேயும் நலமா?" என்று கேட்கிறோம். அந்தத் தொடரில் தாய்தான் முதலில் வருகிறாள். ஒரு பன்றி ஈன்றிருக்கிறது என்றால் நாம் கேட்பது, "எத்தனை குட்டி?" அடுத்து, "எத்தனை பிழைத்தன?" அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஈன்றவள் எப்படி இருக்கிறாள் என்பது கேள்வியாகவே உருவெடுப்பதில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றியதே இப்பதிவு. ஈற்றுக்குப் பின் தாய்ப்பன்றியின் உடல் தேறுவதற்கு ஒரு காலம் வேண்டும். அக்காலத்துக்கு நம் மொழியிலும் கையேடுகளிலும் அரசுத் திட்டங்களிலும் பெயரில்லை. பெயரில்லாதது கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாததன் விலையை முதலில் அந்த விலங்கும், அடுத்து அதன் குட்டிகளும், இறுதியில் அதை வளர்க்கும் பெண்ணும் கொடுக்கிறார்கள். இதுவே நான் சொல்ல வருவது.

கால்நடை மருத்துவம் என் துறை அன்று. மொழியியலில் முதுகலை முடித்து, வேளாண் விரிவாக்கப் பனுவல்களின் மொழியை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துவருகிறேன். வசிப்பது வடகிழக்கில் என்பதால் என் மேசைக்கு வரும் பனுவல்களில் பன்றி வளர்ப்பு குறித்தவை மிகுதி. "இதையெல்லாமா படிக்கிறாய்?" என்று நம் கல்விப்புலத்தார் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தச் சுளிப்புக்குச் சாதி வரலாறு இருக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் பன்றி வளர்த்தல் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் தலையில் கட்டப்பட்ட தொழிலாகவும், 'பன்றி' என்ற சொல் வசையாகவும் இருந்துவந்துள்ளன. எந்த விலங்கைப் பற்றி அறிவு திரட்டுவது கௌரவம், எதைப் பற்றித் திரட்டுவது இழுக்கு என்பதும் சாதியம் வகுத்த பாகுபாடுதான். ஆகவே, தயக்கமின்றிப் பன்றியைப் பற்றிப் பேசுவோம்.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 90.6 லட்சம் பன்றிகள் உள்ளன. 2012இல் அது 1.03 கோடிக்குச் சற்றே குறைவு. ஏழே ஆண்டுகளில் 12 விழுக்காடு சரிவு. மாநிலங்களில் ஏறத்தாழ 21 லட்சத்துடன் அஸ்ஸாம் முதலிடம். அடுத்து ஜார்க்கண்ட், அதையடுத்து மேகாலயா. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் குவாஹாட்டியை அடுத்த ராணியில் அமைந்திருப்பது தற்செயல் அன்று. வடகிழக்கின் பெரும்பாலான வீடுகளில் பன்றி என்பது பண்ணைத் தொழில் அல்ல. வீட்டுக்குப் பின்னால் இரண்டோ மூன்றோ பன்றிகள் நிற்கும் ஒரு கொட்டில். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் திருமணச் செலவும் அங்கிருந்தே புறப்படுகின்றன. அந்தக் கொட்டிலைக் கவனிப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்.

2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அஸ்ஸாமிலும் அருணாசலத்திலும் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு தாய்ப்பன்றியின் மதிப்பும் உயர்ந்தது. ஒன்றை இழந்தால் அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை பல ஊர்களில் இல்லை. இருக்கும் தாயைக் காப்பதே மந்தையைக் காப்பது. அவள் உடல் மிகவும் தளர்ந்திருக்கும் நாட்களைப் பற்றி நம் பனுவல்கள் என்ன சொல்கின்றன?

பன்றி வளர்ப்புக் கையேடு ஒன்றைக் கையில் எடுங்கள். சினைக்காலம் பற்றிய பகுதி நன்றாகவே இருக்கும். 114 நாள், மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று மனத்தில் நிறுத்த எளிய வாய்பாடும் உண்டு. ஈற்று நெருங்குவதன் அறிகுறிகளும் இருக்கும். ஈற்று முடிந்ததும் தலைப்பு மாறும்: 'குட்டிப் பராமரிப்பு'. அதன் கீழ் வரும் தொடர்களின் வகைமாதிரியை நானே அமைத்துக் காட்டுகிறேன். இவை எந்தவொரு நூலின் மேற்கோளும் அல்ல. 'குட்டிகளுக்குச் சீம்பால் கிடைக்கச் செய்க.' 'குட்டிகளுக்கு வெதுவெதுப்பான இடம் தருக.' 'குட்டிகளுக்கு இரும்புச்சத்து ஊசி போடுக.' 'குட்டிகளைத் தாயிடம் விடுக.' பிறகு, 'குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்க.'

வேற்றுமை உருபுகளை மட்டும் பாருங்கள். குட்டி நான்காம் வேற்றுமையில் நிற்கிறது: குட்டிகளுக்கு. கொடுப்பதும் செய்வதும் அதன் பொருட்டே. தாயோ ஏழாம் வேற்றுமையில் நிற்கிறாள்: தாயிடம். அவள் ஓர் இடம். குட்டிகளைக் கொண்டுபோய் விடும் இடம். சில வாரம் கழித்து ஐந்தாம் வேற்றுமைக்குப் போகிறாள்: தாயிடமிருந்து. அப்போது அவள் நீங்கப்படும் இடம். தாய்க்குத் தீவனம் தரச் சொல்லும் தொடர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றிலும் 'பால் சுரப்பதற்காக' என்ற ஒரு வால் ஒட்டியிருக்கும். உருபு அவளுக்கு, பொருள் குட்டிக்கு.

இது இலக்கண விளையாட்டு அன்று. ஒரு பனுவல் யாரை நலம்பெறுவோராக வைக்கிறது, யாரை வெறும் இடமாக வைக்கிறது என்பதைப் பொறுத்தே அதைப் படிப்பவரின் கண் எங்கே போகும் என்பது அமைகிறது. குட்டிகளை எண்ணச் சொன்னால் எண்ணுவார். தாயின் உடல் வெப்பத்தைப் பார்க்கச் சொல்லாவிட்டால் பார்க்கமாட்டார்.

அந்த உடலில் அப்போது நடப்பது என்ன? சினைக்கு வாய்பாடு இருப்பதுபோல் தேறுதலுக்கும் ஒன்று வகுத்துக்கொள்ளலாம்: முதற்சில மணிநேரம், முதல் மூன்று நாள், முதல் மூன்று வாரம்.

முதற்சில மணிநேரத்தில் அவள் களைத்துக் கிடக்கிறாள். எல்லாம் இயல்பாக நடந்தாலும் ஈற்று சில மணிநேரம் நீடிக்கும் உழைப்பு. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே பொதுவாக 15 முதல் 20 நிமிடம். இடைவெளி அரைமணியைத் தாண்டி, அவள் முக்கியும் குட்டி வரவில்லையென்றால் உதவி தேவைப்படலாம். நஞ்சுக்கொடி பொதுவாக ஈற்று முடிந்து நான்கு மணிநேரத்துக்குள் வெளிவந்துவிடும். முழுவதும் வந்ததா என்று பார்ப்பது தாயின் பொருட்டான முதல் வேலை. அவள் எழுந்து தண்ணீர் குடித்தாளா என்பது இரண்டாவது. இங்கே ஓர் எச்சரிக்கை. ஈற்றை விரைவுபடுத்த மருத்துவரைக் கேளாமல் ஆக்ஸிடோசின் ஊசி போடும் வழக்கம் ஆபத்தானது. குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது கருப்பையை மேலும் சுருங்கவைத்தால் தாயும் சேதப்படுவாள், உள்ளிருக்கும் குட்டிகளும் மூச்சின்றித் தவிக்கும்.

முதல் மூன்று நாள் மிக இக்கட்டானது. மடியழற்சி, கருப்பை அழற்சி, பால் வற்றுதல் ஆகிய மூன்றும் தனித்தோ சேர்ந்தோ தாக்குவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். அறிகுறிகளுக்கு ஆய்வகம் வேண்டாம், கண்ணும் கையும் போதும். தீவனத்தை வெறுக்கிறாள். மடி சுடுகிறது, கெட்டிப்பட்டிருக்கிறது. காம்புகளைக் குட்டிகளுக்குக் காட்டாமல் வயிற்றை அடியில் வைத்துக் குப்புறப் படுக்கிறாள். பிறப்புறுப்பிலிருந்து வரும் கசிவு முதற்சில நாள் இயல்பே, நாற்றமடித்தால் இயல்பன்று. உடல் வெப்பம் 39.5 பாகை செல்சியசைத் தாண்டினால் கூர்ந்து கவனிக்கவேண்டும். 40ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்கவேண்டும். சில வேளை தாய்க்கு முன்பே குட்டிகள் சொல்லிவிடும்: வயிறு ஒட்டிப்போய், ஓயாமல் கத்திக்கொண்டு, ஒரு காம்பிலிருந்து மறு காம்புக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் குட்டியின் நலனும் தாயின் நலனும் வேறுவேறல்ல என்பது உடலியலாகவே தெரிகிறது. மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் நோயெதிர்ப்புப் பொருளில் ஒரு பங்கைக் கருவறையிலேயே பெற்றுவிடுகிறது. பன்றியின் நஞ்சுக்கொடி அமைப்பு அதை அனுமதிப்பதில்லை. பன்றிக்குட்டி ஏறத்தாழ வெறுங்கையுடன் பிறக்கிறது. முதல் நாளில் குடிக்கும் சீம்பாலே அதன் கவசம். ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் அதன் குடல் அந்தப் பொருட்களை அப்படியே உறிஞ்சும் ஆற்றலை இழந்துவிடும். அந்த முதல் நாளில் தாய் காய்ச்சலில் கிடந்தால் சீம்பால் குறையும்; பிறகு எத்தனை ஊசி போட்டாலும் அந்த ஒரு நாளை ஈடுகட்ட இயலாது. குட்டிகள் செத்தபின் 'குட்டி இறப்பு விழுக்காடு' என்று பதிவேட்டில் எழுதுகிறோம். பல வேளைகளில் அது தாயின் நோய்க்குக் குட்டியின் பெயரில் எழுதப்படும் கணக்கு.

முதல் மூன்று வாரம் வெளியே தெரியாமல் நடக்கும் சீரமைப்பு. விரிந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கி உட்சுவர் ஆறுவதற்கு ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடிக்கிறது. அதே மூன்று வாரத்தில்தான் பால் சுரப்பும் உச்சத்தை நோக்கி ஏறுகிறது. அவள் ஒரு நாளில் இருபது முறைக்கு மேல் பாலூட்டுகிறாள். ஒவ்வொரு முறையும் பால் உண்மையில் இறங்குவது 15, 20 நொடிதான். அந்த நொடிகளுக்காக அவள் ஏறத்தாழ மணிக்கொருமுறை படுத்துக்கொடுக்கிறாள். ஆறவேண்டிய உடல், கொடுத்துக்கொண்டேயிருக்கும் உடலும் ஆகிறது. தின்னும் தீவனம் பாலுக்குப் போதாவிட்டால் அவள் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பாலாக்குகிறாள். மிக மெலிந்தவள், குட்டிகளைப் பிரித்தபின் வழக்கமான 4 முதல் 7 நாட்களுக்குள் பருவத்துக்கு வரமாட்டாள். வந்தாலும் அடுத்த ஈற்றில் குட்டிகள் குறையும். 'இது இனி சினை பிடிக்காது' என்று கழித்துக்கட்டப்படும் பன்றிகளில் எத்தனை உண்மையில் சென்ற ஈற்றில் தேறவிடப்படாதவை என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் செலவு அதிகமா? பட்டியலைப் பாருங்கள். தண்ணீர்: பாலூட்டும் பன்றிக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை தேவை, தொட்டியில் நாளுக்கு இருமுறை ஒரு குடம் ஊற்றுவது எட்டாது. தவிடு: ஈற்றையொட்டிய மலச்சிக்கல், குடலிலிருந்து நச்சு ஏறுவதற்கும் பால் வற்றுவதற்கும் ஒரு காரணம், நார்ச்சத்து அதைத் தணிக்கும். தீவனம்: முதல் நாளிலேயே குவிக்காமல், சில நாட்களில் படிப்படியாகக் கூட்டி, பின்னர் அவள் தின்னும் அளவுக்குத் தாராளமாகத் தருவது. வடகிழக்கில் சேம்பிலையும் தண்டும் வள்ளிக்கொடியும் அரிசி மதுவின் எச்சமும் தவிடுமாக வேகவைத்துத் தருவது மரபு. அது நல்ல அடித்தளம். ஆனால் பாலூட்டும் தாய்க்கு அதில் புரதம் போதாது. பிண்ணாக்கோ பயறோ சேரவேண்டும். வெப்பமானி: சந்தையில் கிடைக்கும் மிக மலிவான மருத்துவக் கருவி. ஈரமில்லாத வைக்கோல். வெயில் காலத்தில் நிழலும் காற்றும்.

இந்தக் கடைசி இனத்தில் ஒரு சிக்கல் உண்டு. பிறந்த குட்டிக்கு 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். தாய்க்கோ 20 பாகையை ஒட்டிய குளுமையே இதம். ஒரே கொட்டிலில் இருவேறு பருவநிலை. குட்டிகளுக்காகக் கொட்டில் முழுவதையும் மூடிச் சூடாக்கினால் தாய் மூச்சிரைத்துத் தீவனத்தை நிறுத்துவாள். குட்டிகளுக்கு ஒரு மூலையில் மறைப்பும் விளக்கும், எஞ்சிய இடத்தில் தாய்க்குக் காற்றோட்டம் என்பதே தீர்வு. 'குட்டிகளுக்கு வெதுவெதுப்பான இடம் தருக' என்ற தொடர் பிழையன்று, பாதி. மறுபாதியில் 'தாய்க்கு' என்ற சொல் வேண்டும்.

பன்றிக்கே விட்டுவிட்டால் அது என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அலெக்ஸ் ஸ்டோல்பாவும் டேவிட் வுட்-கஷ்ஷும் வளர்ப்புப் பன்றிகளைத் திறந்தவெளியில், மரமும் புதரும் உள்ள நிலத்தில் விட்டுப் பல்லாண்டு கவனித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொட்டிலில் வளர்ந்த இனங்களின் வழிவந்த அந்தப் பெண் பன்றிகள், ஈற்று நெருங்கியதும் கூட்டத்தை விட்டு விலகி, மறைவிடம் தேடி, மண்ணைக் கிளறிப் புல்லும் குச்சியும் சேர்த்துக் கூடு கட்டின. ஈன்றபின் உடனே திரும்பவில்லை. குட்டிகளோடு சில நாள் கூட்டிலேயே தங்கி, பிறகுதான் கூட்டத்தோடு சேர்ந்தன. ஒதுங்கல், ஓய்வு, மெல்லத் திரும்புதல். பேறுகாலத்துக்கு மனிதச் சமூகங்கள் வகுத்துக்கொண்டவற்றோடு இதை ஒப்பிடும் ஆசை எழுகிறது. மிகையாக ஒப்பிட வேண்டாம். ஆனால் தேறும் காலம் என்பது நாம் பரிவுமிகுதியால் பன்றியின்மேல் ஏற்றிச் சொல்லும் கற்பனை அன்று. பன்றி தானே அறிந்து ஒழுகும் ஒன்று என்பதை மறுக்கவும் இயலாது. கூடு கட்ட முடியாத காரைத் தரையில் அவளை நிறுத்திவைத்தது நாம். அப்படியானால் அந்தக் கூட்டின் வேலையைச் செய்துகொடுக்கும் பொறுப்பும் நம்முடையது.

இனி அரசுத் திட்டங்கள். 2021-22இல் மறுவடிவம் பெற்ற தேசிய கால்நடை இயக்கத்தில், 100 பெண் பன்றிகளும் 10 ஆண் பன்றிகளும் கொண்ட பண்ணை அமைக்க மூலதனச் செலவில் 50 விழுக்காடு, உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய் என்று மானியம் வகுக்கப்பட்டது. தொழில் வளர்வதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கணக்கின் அலகைக் கவனியுங்கள்: தலை. எத்தனை தலை வாங்கப்பட்டது என்பது பதிவாகும். வாங்கிய தாய்ப்பன்றி முதல் ஈற்றுக்குப்பின் தேறியதா, இரண்டாம் ஈற்றைக் கண்டதா, மூன்றாவதுக்கு நின்றதா என்பது எங்கே பதிவாகும்? காப்பீடும் சாவைத்தான் அறியும், மெலிவை அறியாது. தலையை எண்ணும் கணக்கில் நாட்களுக்கு இடமில்லை.

கலப்பினம் பெருகும்போது இந்த விடுபடல் மேலும் கூர்மையாகிறது. நாட்டினங்கள் குறைவாக ஈன்று குறைவாக மெலிபவை. மேகாலயாவின் நியாங் மேகா, மிசோரமின் ஸோவாக், நாகாலாந்தின் டென்யி வோ ஆகிய பதிவுபெற்ற இனங்களின் பெயர்களிலேயே அந்தந்த மொழியில் பன்றியைக் குறிக்கும் சொல் உள்ளடங்கியிருப்பது மொழியியலார் ரசிக்கத்தக்கது. ஐரோப்பியக் கலப்பில் குட்டிகளின் எண்ணிக்கை கூடுகிறது. அவ்வாறு கூடுவதற்காகவே அவை தெரிந்தெடுக்கப்பட்டன. ஆனால் ஒவ்வொரு கூடுதல் குட்டியும் ஈற்றின் நேரத்தை நீட்டுகிறது, பாலின் தேவையை ஏற்றுகிறது, தேறும் காலத்தின் சுமையைக் கூட்டுகிறது. கூடுதல் ஈற்றைத் தரும் இனத்தை வழங்கிவிட்டுக் கூடுதல் தேறுதலுக்கான அறிவை வழங்காமல் விடுவது பாதிக் கொடை. அந்த இடைவெளியை நிரப்ப எதாவது வந்தே தீரும். பெரும்பாலும் வருவது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. மனிதர்க்குக் கடைசிப் புகலிடமான கோலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குத் தரக்கூடாது என்று இந்திய அரசு 2019இல் தடை விதிக்க நேர்ந்தது. தூய வைக்கோலும் தண்ணீரும் செய்யவேண்டிய வேலையை மருந்திடம் ஒப்படைத்தால், அதன் பின்விளைவு கொட்டிலோடு நிற்காது.

தமிழைப் பற்றியும் ஒரு சொல். கன்று ஈன்ற பசுவைச் சுற்றித் தமிழில் ஒரு சொற்புலமே இருக்கிறது. சீம்பாலைக் காய்ச்சி அண்டை வீட்டுக்குக் கொடுப்பதுவரை அது ஒரு பண்பாடு. பிள்ளை பெற்ற பெண்ணைப் 'பச்சை உடம்புக்காரி' என்கிறோம்; அந்த ஒரு சொல்லில் குளிர் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கஞ்சி தரவேண்டும் என்ற விதிகளெல்லாம் அடங்கியிருக்கின்றன. பெயர் வைப்பதே பராமரிப்பின் முதற்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பன்றியிடம் வரும்போது மட்டும் சொற்புலம் வறண்டுவிடுகிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், பெண் பன்றிக்குப் 'பிணவு' என்ற பெயரை நாய்க்கும் புல்வாய்க்கும் பொதுவாக வைத்துச் சொல்கிறது. 'பாட்டி' என்ற பெயரும் பன்றிக்கும் நாய்க்கும் உரியதென்கிறது. குட்டியைக் 'குருளை' என்கிறது. ஒரு விலங்கின் பெண்ணுக்கும் இளமைக்கும் தனிப்பெயர் வகுக்க வேண்டுமானால், அதை யாரோ அருகிருந்து பார்த்திருக்கவேண்டும். அச்சொற்களை இன்றைய கையேடுகளில் மீட்டு வைக்கவேண்டும் என்று நான் கோரவில்லை. அந்தக் கண்ணை மீட்கலாம் என்கிறேன். பெயருக்கு வேறெங்கும் போகவேண்டாம், நோயாளியைப் பார்த்து வந்தவரிடம் நாம் கேட்கும் "உடம்பு தேறிவிட்டதா?" என்ற கேள்வியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: தேறும் காலம்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது: "மனிதத் தாய்க்கே ஓய்வில்லாத நாட்டில் பன்றித் தாய்க்கு ஓய்வா?" இக்கேள்வியின் வலியை மதிக்கிறேன். ஆனால் இதில் ஒரு போட்டி கற்பிக்கப்படுகிறது. அப்படி ஒரு போட்டி இல்லை. ஈன்ற பன்றிக்குத் தண்ணீர் சுமப்பவள் அவ்வீட்டுப் பெண். நள்ளிரவில் கொட்டிலில் விளக்கோடு காத்திருப்பவளும் அவளே. அந்த உழைப்பு இன்று எந்தக் கையேட்டிலும் எந்தத் திட்டச் செலவிலும் ஒரு வரியாகக்கூட இல்லை. பன்றியின் தேறும் காலத்தைக் கணக்கில் ஏற்றினால், அதோடு சேர்ந்து அப்பெண்ணின் உழைப்பும் கணக்கில் ஏறும். ஒன்றை மறைத்துவைத்து மற்றொன்றைக் காட்ட முடியாது. கொட்டிலுக்கு அருகே குழாய் வைக்கச் சொல்லும் பரிந்துரை, விலங்கு நலமும் ஆகும், பெண்ணின் இடுப்பு வலிக்கான மருந்தும் ஆகும்.

இரண்டாவது: "எப்படியும் வெட்டப்படும் விலங்கு, அதற்கு ஏன் இவ்வளவு?" இறைச்சிக்காக வளர்வது பெரும்பாலும் குட்டி. தாய் பல ஈற்றுகள் வாழ்பவள். அதற்கும் மேலாக, ஓர் உயிரின் முடிவு தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பதால் அதன் இடைப்பட்ட நாட்கள் பொருளற்றவை ஆகிவிடுவதில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தை உறுதிசெய்யவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. இறைச்சி உண்போரும் உண்ணாதோரும் இந்தக் கடமையில் உடன்படலாம். இதற்கு உணவுக் கொள்கை ஒன்றாயிருக்க வேண்டியதில்லை.

இனி, இப்பதிவைப் படிக்கும் பெரும்பாலோர் ஆய்வாளர்களும் மாணவர்களும் என்பதால், நம்மால் ஆவது என்ன? கால்நடை அறிவியல் மாணவர்களுக்கு: உங்கள் ஆய்வேட்டின் அட்டவணையில் குட்டிகளின் எண்ணிக்கை, எடை, இறப்பு ஆகிய பத்திகளுக்கு அருகே தாய்க்கும் மூன்று பத்தி ஒதுக்குங்கள்: முதல் மூன்று நாள் உடல் வெப்பம், தின்ற தீவனம், குட்டி பிரிக்கும் நாளில் உடல் தகைமை மதிப்பெண். சமூக அறிவியல் மாணவர்களுக்கு: கால்நடை வளர்ப்பில் பெண்ணுழைப்பை அளக்கும் வினாநிரலில் ஈற்று இரவுகளைப் பற்றி ஒரு வினா சேருங்கள். மொழித்துறையினருக்கு: போடோவிலும் காசியிலும் மிசோவிலும் நாகா மொழிகளிலும் பன்றி வளர்க்கும் பெண்களிடம் இந்த நாட்களுக்கு என்னென்ன சொற்கள் உள்ளன என்று திரட்டுங்கள். நம் ஆங்கிலக் கையேடுகள் விட்ட இடத்தை அச்சொற்கள் முன்பே நிரப்பிவைத்திருக்கக்கூடும். மொழிபெயர்ப்பவருக்கு: 'குட்டிகளைத் தாயிடம் விடுக' என்று எழுதுமுன் ஒரு வரி சேருங்கள்: 'தாய்க்கு முதலில் தண்ணீர் வைக்க.'

ஓர் உருபைத்தான் மாற்றக் கேட்கிறேன். இடத்திலிருந்து பொருட்டுக்கு, ஏழாம் வேற்றுமையிலிருந்து நான்காம் வேற்றுமைக்கு. அடுத்த முறை யாரேனும் தம் வீட்டுப் பன்றி ஈன்றதாகச் சொன்னால், எத்தனை குட்டி என்பதற்கு முன் அவள் எழுந்து தண்ணீர் குடித்தாளா என்று கேட்போம். கேட்கப்படும் கேள்விகளே பின்னர் கையேட்டில் வரிகளாகவும் பதிவேட்டில் பத்திகளாகவும் மாறுகின்றன.

துறைசார்ந்தோர், குறிப்பாகக் கால்நடை மருத்துவ நண்பர்கள், மாறுபடும் இடங்களைச் சுட்டினால் மகிழ்வேன். உரையாடுவோம்.